மாப்பிள்ளை ஹீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே முதலாளி அதே பல்லவி. "முதல் தடவையே பாஸ் ஆகணும்மா. ரெண்டாவது தடவை போனா குளிர்காலமே போயிடும்." இதுவரை பரிசோதனைக் கூடத்துக்கு ஏழு பொருட்களை அனுப்பியிருக்கிறேன். ஏழும் முதல் தடவையே சான்றிதழோடு வந்தன. எட்டாவது இந்த அறை ஹீட்டர். வடிவமைத்தது என் வீட்டுக்காரர். அதனால் பயமும் இரட்டிப்பு, பெருமையும் இரட்டிப்பு.

ஜூன் 9, திங்கள்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு, நான் போட்டது. கூடத்துக்குப் போகும் சாம்பிளை யாரும் பார்த்து எடுக்கக் கூடாது. லைனில் இறங்கிய நூறு பெட்டிகளில் பேக்கிங் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூன்றைத் தொடுவார். தொட்டதுதான் போகும். கூடத்துக்கென்றே தனியாக இழைத்துச் செய்த பொருளுக்கு எங்கள் பாஷையில் 'மாப்பிள்ளை' என்று பெயர். கல்யாணத்தன்று மட்டும் பளபளப்பு.

இன்று அக்கா தொட்டாயிற்று. "மூணும் லட்சணமா இருக்கு, உன் வீட்டுக்காரர் மாதிரி" என்றார். "லட்சணம் இருக்கட்டும்க்கா, சூடு தாங்குமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும்தான்.

ஜூன் 11, புதன்

எழுதக் கை வரவில்லை.

படிவத்தில் உள்ளே இருக்கும் சுவிட்சின் எண்ணைக் கேட்டிருந்தார்கள். ஒரு பெட்டியைப் பிரித்து ஹீட்டரைத் திறந்தேன். ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையின் வாலைச் சாய்வாக வெட்டி, முனையை உள்பக்கம் திருப்பியிருந்தது. லைனில் யாருக்கும் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. அப்படிக் கட்டுகிறவர் ஒரே ஒருவர். எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும்.

மற்ற இரண்டையும் திறந்தேன். மூன்றும் அவர் கை. அக்கா தொட்ட பெட்டிகளை மாற்றியிருக்கிறார். சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் ஃபியூஸும் வேறு ரகம், சீக்கிரம் வெட்டுவது. வீட்டில் இரண்டு நாள் ஓட்டினால் தானாகவே போய்விடும். கூடத்தில் மட்டும் ஜெயிக்கும்.

ஜூன் 12, வியாழன்

சமையலறையில் வைத்துக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை.

"லைன் ஹீட்டர் மேல துணி விழுந்தா கருகுது. சரி பண்ண ஒரு மாசம் ஆகும். முதல்ல பாஸ் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"பாக்கலன்னா?"

"என்னை நம்ப மாட்டியா? உனக்காகத்தாண்டி பண்ணேன். ஏழும் பாஸ், ஏழும் பாஸ்னு வீடு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு?"

நான்தான்.

சத்தமில்லாமல் லைனில் இறங்கிய பெட்டிகளையே மாற்றி அனுப்பினால் தோற்கும். அனுப்பாமல் வைத்தால் முதலாளி காரணம் கேட்பார். வாயை மூடிக்கொண்டு இதையே அனுப்பினால்? பெட்டியின் மேல் தூங்கும் குழந்தையின் படம் போட்டிருக்கிறோமே.

ஜூன் 13, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அவரை ஹீட்டர் வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் வேலையையே விட்டுவிட்டார். அத்தை போனில் அழுதார். "கட்டின புருஷனை நீயே காட்டிக் குடுத்துட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவனைத் திட்டித் திருத்தியிருக்க மாட்டேனா?"

நான் செய்தது சரிதான். சரி என்றால் ஏன் ஒரு வாய் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது?

ஜூன் 29, ஞாயிறு

போய்விட்டார். வெளியூரில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்கு, இரண்டு பெட்டிகளோடு. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "நீ தப்புப் பண்ணல. ஆனா உன் எதிர்ல உக்காந்து சாப்பிட என்னால முடியல" என்றார்.

போனால் போகட்டும் என்று நின்றேன். அவர் கடைசிப் படி இறங்குவதற்குள் நெஞ்சு வெடித்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம்ல நான்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போகாதீங்கன்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பேன் — பாவி, நின்னுட்டு இருந்தேனே.

ஜூலை 24, வியாழன்

ஃபியூஸைக் கம்பிச் சுருளுக்கு நேர் மேலே நகர்த்தினோம். துணி போட்டு இருபது தடவை பார்த்தாயிற்று. கருகவில்லை. அக்கா கண்ணை மூடி மூன்றைத் தொட்டார். பெட்டிகளுக்கு நானே பூட்டுப் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பாஸ். முதல் தடவையே.

"எட்டுக்கு எட்டு!" என்று முதலாளி குதித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வடிவமைத்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். அந்த ஃபியூஸ் இருக்கும் இடம் தவிர மற்றதெல்லாம் அவர் போட்ட கோடுதானே. சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு நான் அனுப்பிய முதல் செய்தி.

மாலையில் பதில் வந்தது. "வாழ்த்துகள் மேடம். என் பேரை எடுத்துடுங்க."

பதினோரு வருடத்தில் கோபத்தில்கூட என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

பெயரை எடுக்க ஒரு திருத்தப் படிவம் இருக்கிறது. எண், தேதி, பொருள் எல்லாம் நிரப்பிவிட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாகவே கிடக்கிறது.