இந்த வருஷம் குடை கேட்டு யாரும் வரவில்லை

மே 4, ஞாயிறு

வெயில். ஆற்றில் வெறும் மணல். காலைப் பூசை, பிறகு ஒரு மூட்டைத் துணி துவைத்தது. சாயந்திரம் கொடியேற்றம். வெள்ளிக்கிழமை கேலிக்கூத்து, சனிக்கிழமை தேர்.

பிரசங்கத்தில் புது ஃபாதர் கேலிக்கூத்தைப் பற்றியே பேசினார். இங்கிலீஷில் அதற்கு பர்லெஸ்க் என்று பெயராம். பெரிய விஷயத்தைச் சிறிசாக்கிக் காட்டுவது, சிறிசை ஊதிப் பெரிசாக்குவது. வெளிநாட்டில் போகப்போக அது பெண்கள் அரைகுறை உடுப்பில் ஆடுகிற மேடை ஆட்டமாகிவிட்டதாம். மாதா சபைப் பெண்கள் முன்னால் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் இன்னும் தெரியாது. யாரைக் கேலி செய்யப்போகிறார்களோ அந்த வீட்டுக்கு முதலிலேயே வந்து, அந்த ஆளுடைய பொருள் ஒன்றை இரவல் கேட்பார்கள். துண்டு, கண்ணாடி, எதுவானாலும். அதை வைத்துக்கொண்டு மேடையில் அந்த ஆளாகவே நடிப்பார்கள். கொடுத்தால் சம்மதம், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்டு வராவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

எங்கள் வீட்டில் கேட்பது என் வீட்டுக்காரருடைய குடையை. அவர் மஸ்கட் போன பிறகும் வருஷா வருஷம் கேட்டு வந்தார்கள்.

மே 6, செவ்வாய்

பால்வாடியில் பருப்பு முழுக்க வண்டு. சலித்து முடிக்க மதியம்.

பிரசிடென்ட் வீட்டில் கூலிங் கிளாஸ் வாங்கிப் போய்விட்டார்களாம். ரேஷன் கடைக்காரரிடம் சட்டை. குடை கேட்டு யாரும் வரவில்லை.

ஆறு மணிக்கு பூத்தில் அவர் போன். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்களாம், கையெழுத்துப் போடட்டுமா என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். எப்போதும் அதையேதான் சொல்கிறேன். திங்கட்கிழமை போடவேண்டுமாம், ஞாயிறு மறுபடி பேசுகிறாராம்.

"சரி, இந்த வருஷம் என்னை யாரு செய்யறா?"

"சகாயந்தான்."

வாயில் பொய் வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

மே 7, புதன்

ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் சகாயத்தின் தையல் கடைக்கு. கூத்துக்கு அவன்தான் எல்லாம். கேட்டே விட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் அண்ணனைச் செஞ்சப்ப முன்னால இருந்த பிள்ளைங்க ஒண்ணுகூட சிரிக்கல. இது யாருன்னு கேக்குதுங்க. அசலைப் பாத்திருந்தாத்தானே நகலைப் பாத்து சிரிப்பு வரும்?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் அதிகம். ஊரை விட்டுப் போனதற்கு இதுவும் ஒரு தண்டனையா?

"அப்ப நான் செய்யறேன்."

மிஷின் நின்றது. "நீங்களாக்கா? பொம்பளைங்க யாரும் மேடை ஏறினதில்லையே."

"ஏறக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

யோசித்தான். யாரும் சொன்னதில்லை.

மே 8, வியாழன்

புழுக்கம். கரண்ட் இல்லை.

வேண்டியவை: காக்கிச் சட்டை, குடை, ஸ்பானர், மீசைக்கு மை.

அவர் இங்கே பம்ப்செட் மெக்கானிக். தார் ரோட்டில் போனாலும் வரப்பு மேல் போகிற மாதிரி கால் முன்னால் கால் வைத்து நடப்பார். எல்லாரிடமும், "நாளைக்குக் காலையில முதல் வேலை உங்களுதுதான்." சகாயம் இதை வைத்து ஒரு வருஷம் பிரமாதப்படுத்தினான். மோட்சத்தில் மோட்டார் ரிப்பேர், மோட்ச வாசலைக் காக்கிற இராயப்பரே சாவியோடு காத்திருக்கிறார், அவரிடமும் இதே பதில். அன்று இவர் முன்வரிசையில் உருண்டு உருண்டு சிரித்தார்.

ஆனால் இப்போதைய பிள்ளைகளுக்கு மெக்கானிக்கைத் தெரியாது. எங்கள் ஜென்சிக்கே தெரியாது. அவர் போனபோது அவள் கைக்குழந்தை. ஒரே ஒரு தடவை லீவில் வந்தார், அதுவும் அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு அப்பா என்றால் போன்.

அப்படியானால் போன்தான்.

மே 9, வெள்ளி

முடிந்தது.

மை மீசையோடு ஏறியதும் சீட்டிச் சத்தம். முதலில் நடை. பெரியவர்கள் சிரித்தார்கள், பிள்ளைகள் சும்மா பார்த்தன. பிறகு ஸ்பானரைக் காதில் வைத்துக்கொண்டேன். "அல்லோ! கேக்குதா? சாப்டியா? மழை உண்டா? பாப்பா படிக்கிதா? அல்லோ! அடுத்த திருவிழாவுக்கு நான்தான் முதல் ஆளா நிப்பேன்! அல்லோ!"

பந்தலே பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் கூடவே "அல்லோ" என்று கத்தின. பெண்கள் பக்கம்தான் சிரிப்பு அதிகம். சிங்கப்பூர், சவுதி, குவைத் என்று பாதி வீட்டுக்கு இந்தப் போனின் அசல் வருகிறதே. சகாயத்தின் அண்ணி சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஃபாதர் கை கொடுத்தார். "பிரசங்கத்துல நான் சொன்னதுல பாதி தப்பும்மா" என்றார். எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

மே 10, சனி

தேருக்குப் பூக்கட்டினது. சம்பங்கி போதவில்லை. விரலெல்லாம் நார் அறுத்த கோடு.

பூக்கட்டும்போது ஜென்சி கேட்டாள். "அப்பா நிசமாவே அப்படித்தான் நடப்பாங்களாம்மா?"

ஆமாம் என்றேன். அப்புறம் கை ஓடவில்லை. நேற்று நான் நடந்தது சகாயத்தின் நடை. அவன் வருஷா வருஷம் மேடையில் நடந்ததைத்தான் பார்த்து நடந்திருக்கிறேன். கண்ணை மூடி அவரை நடக்க வைத்துப் பார்த்தேன். சகாயம்தான் நடக்கிறான்.

கட்டின பெண்டாட்டிக்கே நகல்தான் மிச்சம். பயமாக இருக்கிறது.

மே 11, ஞாயிறு

பந்தல் பிரித்துவிட்டார்கள். தெருவெல்லாம் காகிதம்.

பூத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் "அல்லோ" என்று சிரித்தார்கள். போன் வந்தது.

"யாரு செஞ்சா?"

"நான்தான்."

நம்பவில்லை. அப்புறம் சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும். "எப்படி நடந்த?"

"வரப்பு மேல நடக்கிற மாதிரி."

சிரிப்பு நின்றது. "இப்ப அப்படியெல்லாம் இல்ல ஸ்டெல்லா. முட்டி போச்சு. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"போன்ல நடை தெரியாதுல்ல."

பிறகு, கையெழுத்துக்கு என்ன செய்யட்டும் என்றார். உங்க இஷ்டம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போடாதீங்க. வந்துடுங்க."

"இப்படி நொண்டிக்கிட்டு வந்து நின்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கும். நல்லா சிரிக்கும். வாங்க" என்றேன்.