பதினெட்டுப் பேருக்கும் லீவு

மாதம்மாவுக்கு, மைசூரிலிருந்து சடையப்பன். நான் சௌக்கியம். உனக்கு முழங்கால் வலி குறைந்ததா, ஊர் சுற்றுவது குறைந்ததா?

வியாழக்கிழமை நம் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்களே, அதற்கு லீவு கேட்டேன். கம்பெனியில் இப்போது லீவெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆபீஸ் ஜீவிதாம்மா தேதியை என் பெயருக்கு நேரே போடாமல், மேலே பேக்கிங் செக்‌ஷன் என்ற தலைப்பில் போட்டுவிட்டார். பதினெட்டுப் பேருக்கும் லீவு விழுந்துவிட்டது. மேனேஜர் மொத்தத்தையும் அழிக்கச் சொன்னார்.

"அழிங்க சார். அப்புறம் கீழ என் வரியில மட்டும் போடச் சொல்லுங்க. பதினெட்டு மாமனார் போய் நின்னா மாப்பிள்ளை ஓடிருவாரு" என்றேன். அவரே சிரித்துவிட்டார். என் லீவு மட்டும் நிற்கிறது.

புதன்கிழமை வருகிறேன். களி கிண்டி வை, ஆறினாலும் பரவாயில்லை. நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து எதையாவது பேசு. தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

சடையப்பன்