பழுது இல்லை என்று எழுதிய மனிதர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் சமையலறையில் இருமினால் உன் அத்தான் படுக்கையறையிலிருந்து "தண்ணி குடி" என்று குரல் கொடுக்கிற வீடு இது. அவர் காதில் விழாமல் பேச இங்கே இடமில்லை. அதனால்தான் மின்னஞ்சல்.

முதலில் நல்ல செய்தி. கட்டி சுருங்கியிருக்கிறதாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்து அழுதேன், எதற்கு என்று கேட்காதே. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அத்தான் ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பது உனக்குத் தெரியும். ஒரே புற்றுநோய் மருந்தைச் சிலருக்கு முழு அளவிலும் சிலருக்குக் குறைத்தும் கொடுத்துப் பார்க்கிறார்கள். இவருக்கு முழு அளவு. போகும்போதெல்லாம் ஆராய்ச்சி நர்ஸ் ஒரு கேள்வித்தாளை நீட்டுவாள். போன வாரம் வலி இருந்ததா, களைப்பு இருந்ததா, கவலைப்பட்டீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கும். இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, மிக அதிகம் என்பதில் ஒன்றுக்கு வட்டம் போட வேண்டும். இவர் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து தானே எழுதிக் கொடுத்துவிடுவார். நான் பக்கத்தில் போனால் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கையால் மறைத்துக்கொள்வார்.

சென்ற மாதம் மருந்தின் வேகத்தில் விரல் மரத்து, பேனாவைப் பிடிக்கவே ஒத்துழைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை நான் குறிக்கலாம், ஆனால் என் கருத்தைச் சேர்க்கக்கூடாது என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். கை கால் மரத்துப்போகிறதா என்று வாசித்தேன். "இல்லவே இல்லை" என்றார். யார், பிடிக்க முடியாமல் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்! நான் திருதிருவென்று விழித்தேன். "குறி, என்ன பார்க்கறே?" என்று அதட்டல் வேறு. தூக்கம்? ஒரு குறையும் இல்லையாம். வலி? கிடையவே கிடையாதாம். இவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான். ஃபிரிட்ஜிலிருந்து எதை எடுத்தாலும் அந்தக் குளிர் விரலில் கரண்ட் மாதிரி அடிக்கிறது என்று அலறுவது இவர். பொழுதுபோக்குக்குத் தடை உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது. என்னைக் குறை சொல்வதைத் தவிர இவருக்குப் பொழுதுபோக்கு ஏது? அதற்கு ஒரு தடையும் இல்லை என்று நானே சத்தியம் செய்வேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "லிப்ட் சோதனைத் தாள்ல ஒரு பழுதுன்னு குறிச்சா போதும், பூட்டிருவாங்க. இத்தனை வருஷத்துல எத்தனை லிப்டை நானே பூட்டியிருக்கேன். மரத்துப்போகுதுன்னு எழுதினா என்னையும் பூட்டிருவாங்க. அப்புறம் மருந்து ஏது?" லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். மூக்குக்கு மேல் வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவம், உயிரோடு இருக்கத்தானே பொய் சொல்கிறார்.

மறுநாள் நான் மட்டும் போய் நர்ஸைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிட மாட்டார்களாம். ஆராய்ச்சியிலிருந்து விலகினால்கூட வைத்தியம் நிற்காதாம். "கட்டி சுருங்குதான்னு ஸ்கேன் சொல்லிரும்மா. அந்த மருந்தோட ஒரு மனுஷன் எப்படி வாழறார்னு அவர்தான் சொல்லணும்" என்றாள். எல்லோருடைய தாள்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் இனிமேல் வருகிற நோயாளிகளுக்கு எந்த அளவு கொடுக்கலாம் என்று தீர்மானிப்பார்களாம்.

அதை இவரிடம் வந்து சொன்னேன். "பழுது இருக்கற லிப்டுக்கு நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இனிமே அதுல ஊரே ஏறும்" என்றேன். அவ்வளவுதான், முகம் செத்துவிட்டது. அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பழைய தாள்களை வாங்கித் திருத்த முடியுமா என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸுக்குப் போன் செய்தேன். திருத்த முடியாதாம், நடந்ததைத் தனியாகக் குறித்து வைப்பார்களாம்.

இந்த முறை உண்மையைச் சொன்னார், நான் குறித்தேன். மிக அதிகம், நிறைய, மிக அதிகம். எனக்கே தெரியாததும் வந்தது. பயமாக இருந்ததா என்றதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு "மிக அதிகம்" என்றார். சென்ற வாரம் உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருந்தது என்பது கடைசிக் கேள்வி. ஒன்று என்றால் மிக மோசம், ஏழு என்றால் மிக நன்று. "ரெண்டு" என்றார். தம்பி, அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அலமாரியைப் படியில் ஏற்றப் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். என்னைக் கேட்டிருந்தால் ஆறு என்றிருப்பேன். ஒரே வீடு, ஒரே வாரம். நான் யாரோடு இருந்தேன் என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது. என் கருத்தைச் சேர்க்கக்கூடாதே, இரண்டுக்கு வட்டம் போட்டேன்.

நர்ஸ் அந்தத் தாளோடு எங்களை டாக்டரிடம் அழைத்துப் போனாள். மருந்தின் அளவைக் குறைக்கலாம் என்கிறார் அவர். குறைத்தால் விரல்கள் மீளலாம், தூக்கம் வரலாம். கட்டி இதே மாதிரி சுருங்குமா என்று கேட்டேன். அதைத்தான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார். நேர்மையான மனிதர்தான், இருந்தாலும் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. உங்களுக்கு எது முக்கியம் என்று அத்தானைக் கேட்டார். "அவளைக் கேளுங்க, அவ சொன்னா சரி" என்று என்னைக் காட்டிவிட்டார் இவர். ஒரு சட்டை வாங்கக்கூட என்னைக் கேட்காத மனிதர்!

அடுத்த முறை போகும்போது நான் பதில் சொல்ல வேண்டும். குறையுங்கள் என்றால், அவர் ஆயுளைக் குறைக்கச் சொன்னவள் நானா? குறைக்காதீர்கள் என்றால், எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக அவரை அந்த இரண்டிலேயே கிடக்கச் சொல்கிறேனா? காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

நீ டாக்டர் இல்லை, உனக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். "யோசிச்சு செய் அக்கா" என்று மட்டும் எழுதிவிடாதே. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. குறை என்றோ குறைக்காதே என்றோ ஒன்றைச் சொல். தப்பாகவே சொல், பரவாயில்லை. பின்னால் என்ன நடந்தாலும் நான் ஒருத்தி சொல்லி நடந்ததாக இருக்கக்கூடாது. பாதியை நீ சுமந்துகொள்.

குழந்தைக்கு என் முத்தம். நீண்ட ஆயுள் என்று மட்டும் வாழ்த்த இப்போது எனக்கு வாய் வரவில்லை. நீண்ட ஆயுளும் நிம்மதியும், இரண்டும் சேர்ந்தே உங்கள் மூவருக்கும் கிடைக்கட்டும். எதை விட்டு எதைக் கேட்பது என்று தெரியாத நிலைமை உங்களுக்கு வரவே வேண்டாம்.

கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும்
உன் அக்கா