கேட்கக் கூடாத வீடு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி ஐந்து மாதம். முதல் மாதம் வாசலில் செருப்பு விட இடமில்லை. அதற்கப்புறம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் ஊருக்குத் தலைவர். ஆஸ்பத்திரி கட்ட எங்கள் மேற்கு வயலைக் கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை. அதற்கெல்லாம் பலகையில் பேர் இருக்கிறது. பலகையில் ஏறாதது எங்கள் பின்பக்கக் கொட்டகை. அறுபது நாற்காலி, உயரமான ஏணி, ஸ்ட்ரெச்சர், பெரிய பெரிய அண்டா. யார் வந்து கேட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். "எதுக்குன்னு கேக்காதே, எப்போ தருவீங்கன்னும் கேக்காதே" என்பார். நான் கேட்பேன். கரி பிடித்து வரும் அண்டாவைத் தேய்ப்பது நானாயிற்றே!

மார்ச் 9, ஞாயிறு

பையன் போன் செய்தான். "தனியா உக்காந்து என்னம்மா பண்றே? வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடு." வழக்கமாக வள்ளென்று விழுவேன். இன்றைக்குப் "பார்க்கலாம்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

அடுத்த தெருவில் தையல்காரர் பெண்ணுக்குக் கல்யாணம். காலையில் என் வாசல் வழியாகவே லாரி போகிறது, வாடகை நாற்காலியை அடுக்கிக்கொண்டு. எல்லாம் சிவப்பு பிளாஸ்டிக். என் கொட்டகையில் அறுபது நாற்காலி தூசு படிந்து கிடக்கிறது. லாரிக்குப் பின்னால் சைக்கிளில் வந்த தையல்காரர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அப்படி என்னப்பா பண்ணிட்டேன் உங்களுக்கு? உன் பொண்ணு பிறந்தப்போ ஓடி வந்தவ நான் —

என் வாய்தான் காரணமோ? இவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார், நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன். சிரித்தவர் போய்விட்டார். முணுமுணுக்கிறவளிடம் யார் வருவார்கள்? இல்லை, இத்தனை வருஷமும் கொடுக்கிற கைக்குத்தான் மரியாதையா? எதுவானாலும் வலிக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பையனுக்குப் போன் செய்து, வீடு வாங்க ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

வீடு வாங்குகிறவர் வந்தார். அறை அறையாக அளந்தார். கொட்டகையைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் காயலான் கடைக்குத்தான்" என்றார். சரி என்றேன். நானேதான் சொன்னேன். அடுத்த மாதம் பாதியில் பத்திரம்.

மார்ச் 29, சனி

பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊரை விட்டுப் போகப் போகிறேன் என்றதும் நர்ஸ் பெண் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். மனசில் இருந்ததைக் கொட்டினேன். வாடகை நாற்காலிக் கதையையும் சொன்னேன்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையாக்கா?"

இவர் போன முப்பதாம் நாள் இதே ஆஸ்பத்திரி முற்றத்தில் ஊர் கூடியதாம். முடிதிருத்துகிறவர் எழுந்து, "காலமெல்லாம் அந்த வீட்லேர்ந்து வாங்கித் தின்னாச்சு. அந்தம்மாவையாவது நிம்மதியா விடுவோம். இனிமே யாரும் அங்க போய் எதையும் கேக்கக் கூடாது" என்றாராம். அத்தனை பேரும் கை தூக்கியிருக்கிறார்கள். தையல்காரர் வாடகைக்கு எடுக்க மனசில்லாமல் கண் கலங்கினாராம். போன மாதம் கொத்தனாரின் அப்பா விழுந்தபோது, வீட்டுக் கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கி வந்தார்களாம். ஸ்ட்ரெச்சர் நாலு வீடு தள்ளி என் கொட்டகையில் இருக்கிறது!

அறிவு கெட்ட ஜென்மங்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிரஷர் எகிறிவிட்டது, நர்ஸ் அரை மணி உட்கார வைத்து மறுபடி பார்த்தாள்.

சரி, கேட்க வேண்டாம். சும்மாவாவது வந்திருக்கலாமே? யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் எதையும் கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் வரும் பழக்கம் யாருக்குமே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஊர்க் கூட்டத்துக்குப் போனேன், வாழ்க்கையிலேயே முதல் தடவை. முடிதிருத்துகிறவர் நாற்காலியை எனக்கு விட்டார். உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு இந்த முடிவு எடுத்தீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. எங்களால நீங்க பட்ட பாடு தெரியாதா?"

"பட்டேன். அண்டாவைக் கரியோட கொண்டாந்து போட்டீங்க, தேச்சது நான். நாற்காலியைத் துடைச்சு அடுக்கினது நான். திட்டியும் இருக்கேன். என்னைக்காவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா? அவர் மட்டுந்தான் கொடுத்தாரா?"

"ஆள் வராத வீட்ல நான் யாருக்காக இருக்கணும்?" என்றும் கேட்டேன்.

பின்வரிசையில் தச்சர் மனைவி மெதுவாக எழுந்தாள். "அக்கா... அப்போ ஏணி கிடைக்குமா? ரெண்டு வாரமா கூரை ஒழுகுது."

ஏப்ரல் 7, திங்கள்

வீடு விற்கவில்லை என்று பையனிடம் சொல்லிவிட்டேன். "அந்த ஆளுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" அம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு சொல்லு என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். சலூன் வாசலில், புதிதாகக் குடிவந்த புருஷனும் பெண்டாட்டியும் நாற்காலி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முடிதிருத்துகிறவர் என்னைக் கவனிக்கவில்லை.

"நேரா அக்கா வீட்டுக்குப் போங்க. கொஞ்சம் திட்டுவாங்க, ஆனா கொடுத்துடுவாங்க."

இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர் வீடு, தலைவர் வீடு என்றுதான் கேட்டிருக்கிறேன்.

காய் வாங்காமலே திரும்பி, குறுக்குச் சந்தில் வேகமாக நடந்தேன். அவர்கள் வரும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது.