பெட்ரோல் காசு

ஞாயிறு, ஜூன் 14

இன்று தோர்ண்டன் ஹீத்தில் என் கடை மாடியில் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் கூடியது. எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோல்கீப்பர் நிரூபன், விளையாடக் காசு கொடுக்கும் இன்னொரு கல்லூரியின் பழைய மாணவர் அணிக்குப் போகிறான். அவனை இந்தக் கோடை முழுக்கத் தடை செய்யும்படி போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டும் என்றார் செயலாளர். அணியின் ஸ்பொன்சர் நான். என் கையெழுத்தும் வேண்டுமாம்.

"கல்லூரியை வித்துப்போட்டான், அண்ணை."

"இங்கை பிளேஸ்டோவில பிறந்த பெடியன் ஊரிலை இருக்கிற அந்தக் கல்லூரி வாசலைக் கண்டவனே?"

"எண்டாலும் காசுக்கு விளையாடுறது நியாயமே?"

"போன வருசம் வெளியாலை இருந்து விளையாடப் பிடிச்ச பெடியனுக்குப் பெட்ரோல் காசு எண்டு சொல்லிக் குடுத்தனாங்கள். அவனிட்டைக் கார் இருந்ததே?"

பொருளாளர் சிரித்துவிட்டார்.

காசில்லாத சின்னப் பள்ளிக்கூட அணிகள் தோற்பது எனக்கும் உறுத்துகிறது. அப்படியானால் கொடுக்கிற காசுக்கு எல்லா அணிக்கும் ஒரே வரம்பை வெளிப்படையாக வைக்கட்டும். ஞாயிறு ஷிப்டை விட்டுவிட்டு வந்து விளையாடுகிறவனை ஏன் தண்டிக்க வேண்டும்? என் கடைப் பெடியளும் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள். நான் யாரையும் துரோகி என்றதில்லை.

கையெழுத்து வைக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப ஸ்பொன்சரை மாத்துவம்," என்றார் செயலாளர்.

"தாராளமா மாத்துங்கோ."

இனி ஜேர்சியில் என் கடைப் பெயர் இருக்காது. இருக்காவிட்டால் போகட்டும். ஜேர்சியைப் பார்த்து எவரும் என்னிடம் அரிசி வாங்க வந்ததில்லை.