முதல் திரியை யார் ஏற்றுவது

பாளையங்கோட்டை
9.2.1997

அன்புள்ள பார்கவிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவரையொருவர் விடாமல் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை ஜெயராம், குழந்தை சுப்ரியா மூன்று பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். பனியில் செருப்பில்லாமல் குப்பை கொட்டிவிட்டு வந்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய், அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. குழந்தைக்கு ராத்திரியில் வாழைப்பழம் கொடுக்காதே. உனக்கு அனுப்ப வைத்திருந்த வடாம் மாடியில் காய்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, தை மாதத்தில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. இனி வெயில் வந்துதான் மறுபடி பிழிய வேண்டும்.

அப்பா பெயரில் நடக்கிற நினைவுச் சொற்பொழிவு இந்த வருஷம் எப்படி என்று கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை நடந்தது, நான்காவது வருஷம். அந்தக் காலேஜில் மனவியல் துறையை ஒரு மேஜை இரண்டு நாற்காலியிலிருந்து தொடங்கி முப்பது வருஷம் நடத்தியவர் பெயரில் நடக்கிறதே தவிர, இதுவரை மனவியல் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் வருஷம் சர்க்கரை வியாதி டாக்டர் பேசினார். அடுத்த வருஷம் ஒரு மில் முதலாளி, தான் முன்னுக்கு வந்த கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னார், அப்பா பெயரை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் வேறு வேறு பெயர். போன வருஷம் மூச்சுப் பயிற்சிக்காரர் எல்லோரையும் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இந்த வருஷம்தான் அப்பாவிடம் படித்த கிருபைராஜ், இப்போது துறைத் தலைவராக இருக்கிறானே அவன், ஒற்றைக் காலில் நின்று மதுரையிலிருந்து நிஜமாகவே மனவியல் படித்த பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்தான். தலைப்பு, மூடநம்பிக்கையின் மனவியல்.

இதைக் கேள். மூடநம்பிக்கையைப் பற்றிய பேச்சைப் பத்தரைக்குள் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். நான் சிரிக்கவில்லை, உன் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ராகுகாலம் என்பது மனசின் பழக்கம் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவார், அந்த வகுப்புக்குக் கிளம்பும்போது காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். கேட்டால் இது எனக்காக இல்லை, மற்றவர்கள் திருப்திக்கு என்பார். வீட்டில் அப்போது மற்றவர் என்று நான் ஒருத்திதான் இருப்பேன்.

பத்து மணிக்கு மேடையில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, குத்துவிளக்கில் எண்ணெய் விட்டு ஐந்து திரியும் போட்டாயிற்று. முதல் திரியை ஏற்ற வேண்டிய பிரின்சிபால் வீட்டம்மாவைக் காணவில்லை. ஏரலில் பங்காளி ஒருவர் காலமாகிவிட்டாராம், அந்த அம்மாளுக்குத் தீட்டு. அதே தீட்டு பிரின்சிபாலுக்கும்தானே என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் நெற்றி நிறைய விபூதியோடு நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலைமை தாங்குகிற நாற்காலிக்குத் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது. உடனே சுமங்கலி வேட்டை தொடங்கியது. ஆண்கள் காலேஜில் சுமங்கலிக்கு எங்கே போவது. டைப் அடிக்கிற பெண் அன்றைக்கு லீவு. கமிட்டிச் செயலாளர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து இங்கும் அங்கும் ஓடுகிறார். காலேஜ் ஆபீஸில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டயரானவர், எதையும் பைல் போட்டு வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முன் வரிசையில் என்னிடம் வந்து, மாமி, சுமங்கலி ஒருத்தரும் அம்புடலையே, மணி பத்தே கால் ஆவுதே என்று என்னிடமே புலம்புகிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்துப்போனவருக்கு நடக்கிற விழா, அவர் பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தவிர உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாமாம். இந்தச் சட்டத்தை எந்த மகராசன் போட்டான் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கக்கத்திலிருந்த பைலைப் பிரித்தார். நீங்க சொன்னதுதானே மாமி, தொண்ணூத்தி நாலுல, பாருங்க என்று காட்டினார். முதல் வருஷம் மெழுகுவர்த்தியை என்னிடம்தான் நீட்டியிருக்கிறார்கள். நான் முந்தானையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய், யாராவது சுமங்கலியை ஏற்றச் சொல்லுங்கள் என்றேன், அப்பா போய் பத்து மாதம்கூட ஆகவில்லை அப்போது. அதை அவர் குடும்பத்தார் விருப்பப்படி முதல் திரி சுமங்கலியால் ஏற்றப்படும் என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். என்னைத் தள்ளிவைத்தது ஊர் என்று நாலு வருஷமாக மனசுக்குள் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன் பார்கவி. தள்ளிவைத்தது நான்தான், நம்பர் போட்டுப் பைலில் இருக்கிறது.

அதற்குள் யாரோ தண்ணீர் எடுத்து வைக்கிற சுடலைவடிவைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். கழுத்தில் தாலி இருக்கிறது, போதும் என்று அவள் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். மற்ற நாளில் அவளை மேடைப்பக்கம் தம்ளர் வைக்கத்தான் விடுவார்கள். அவள் ஒரு நிமிஷம் விளக்கைப் பார்த்தாள். பிறகு மைக் இருப்பதைக் கவனிக்காமல் சொன்னாள், ஐயா, எம் மாப்ளை பம்பாய்க்குப் போயி ஒம்பது வருசமாச்சு, இருக்கானா செத்தானான்னு ஒரு காயிதம் கிடையாது, தாலி கெடக்குன்னு நானும் போட்டுக்கிட்டுத் திரியுதேன், நான் சுமங்கலியா இல்லையான்னு நீங்களே அந்தப் பைலைப் பாத்துச் சொல்லுங்க, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தானே சொல்லுவிய. அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்திருந்த பையன்கள் அத்தனை பேரும் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்கள். மேடையில் மதுரைப் பேராசிரியர் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் எழுந்து போனேன். முட்டிவலியோடு மேடைப்படி ஏறுவதற்குள் பத்து இருபத்தெட்டு ஆகிவிட்டது, யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன், தடுக்கவில்லை. சுடலைவடிவையும் கையைப் பிடிக்கச் சொல்லி இருவருமாக ஏற்றினோம். திரி பற்றிக்கொண்டது, வானம் இடியவில்லை. குற்றாலலிங்கம் அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, இனிமே இதைத்தான் குடும்பத்தார் விருப்பம்னு எழுதிக்கிடட்டுமா மாமி என்று பேனாவைத் திறந்தார். பிறகு எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடிக்க முக்கால் மணி நேரம், பேச்சுக்கு மிச்சம் இருபது நிமிஷம். பேராசிரியர் நன்றாகவே பேசினார்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கிருபைராஜ், சார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க அம்மா என்று கண்கலங்கினான். வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கல்யாணத்தில் ஊஞ்சலின்போது சுமங்கலிகளோடு சேர்ந்து உன் காலில் பால் தொட்டு வைக்கக் கோமு அத்தையும் வந்தாள், நீ கவனித்திருக்க மாட்டாய். அப்பாவுக்கு அக்கா, இருபத்துநாலு வயதில் புருஷனை இழந்தவள். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். வாசல்படி வரை வந்துவிட்டாள். நான் எதிரே போய், உள்ளே பாயசம் அடிப்பிடிக்கப் போகிறது, கொஞ்சம் பாருங்கள் அக்கா என்றேன். பாயசம் அடுப்பைவிட்டு இறக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, அது அவளுக்கும் தெரியும். அப்பா பக்கத்தில்தான் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அத்தையே ஒதுங்கிக்கொண்டாள், பெரிய மனசு என்று எட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அவள் ஒதுங்கவில்லை பார்கவி. அதை எழுதி வைக்க அன்றைக்கு ஒரு குற்றாலலிங்கம் இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துக் களக்காட்டுக்குப் போகிறேன், அங்கேதான் அத்தை, தம்பி முறையாகும் ஒருவர் வீட்டில் இருக்கிறாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளை காரை மெதுவாக ஓட்டட்டும். ஒன்றை மறக்காதே, அத்தைக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு. கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பெரிய எழுத்தாக எழுது. அன்றைக்கு நீ அவளைக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. அவள் வாசல்படியில் நின்றபோது கையில் பால் கிண்ணம் வைத்திருந்தாள்.

உன் அம்மா
ராஜாம்பாள்