அப்பா கிளார்க் இல்லை

மார்ச் 8, 2025, சனி

அண்ணன் பொய் சொல்கிறான். அப்பாவையும் சொல்ல வைத்துவிட்டான்.

அப்பா அமெரிக்காவுக்கு, ஃப்ரீமான்ட்டில் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். இருமல் நிற்கவில்லை. இன்று அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் டாக்டர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் காலேப் அண்ணன் முந்திக்கொண்டான்: கிளார்க், ரிட்டயர்டு.

இருபத்தாறு வருடம் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர் கிளார்க்!

காரில் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏய் ஆன்லின், இது விசிட்டர் இன்சூரன்ஸ். பழைய வியாதின்னு போட்டுட்டான்னா எதையும் கவர் பண்ண மாட்டான். மொதல்ல நீ ஒரு வேலை தேடு, அப்புறம் பேசு."

அப்பா பின்சீட்டில் சிரித்தார். "விடுமா. கிளார்க்குன்னா மரியாததான? சட்டைல அழுக்கு ஒட்டாது."

ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலரும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள்.

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்கு வாய் இல்லையா? அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறேன் — அதுதானா காரணம்?

மார்ச் 13

மாடிப்படியில் பாதியில் அப்பா நின்றுவிட்டார். குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல் நடித்தார். போட்டிருந்தது செருப்பு.

மார்ச் 22, சனி

அண்ணனின் மேனேஜர் பத்மநாபன் அங்கிள் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். இன்று எங்களை ஒரு தீவுக்குக் கூட்டிப்போனார். ஒரு காலத்தில் செம்புச் சுரங்கம். இப்போது வெளியிலிருந்து வரும் படகுகள் ஒருநாள், இரண்டுநாள் கட்டிக்கொள்ளும் துறை. தாதுவைக் கப்பலில் ஏற்றிய மேடையில் காபிக் கடை. தொழிலாளர்கள் படுத்த கொட்டகையில் ஒயின். சுவரில் பெரிய பலகை: முதலாளிகளின் பெயர், எத்தனை டன், எந்த வருடம். வெட்டியவன் பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லா ஊரிலும் இதே அயோக்கியத்தனம்தான்.

படம் எடுத்துக்கொள்ள விளக்கு வைத்த பழைய தொப்பிகள் தொங்கின. அண்ணன் ஒன்றை எடுத்து அப்பா தலையில் கவிழ்த்தான். "அப்பா, ஸ்மைல்!"

அப்பாவின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. தொப்பி விளக்கின் பேட்டரியைத் தேடியது. பிறகு சும்மா தொங்கியது.

சுரங்க வாயில் கம்பிக் கதவு போட்டிருந்தது. அப்பா அதில் முகத்தை வைத்து நின்றார். "காத்து வருது. அந்தாண்ட இன்னொரு வழி இருக்கு."

அங்கிள் சிரித்தார். "கிளார்க் சார், எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

அப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார். பெற்ற பிள்ளையிடம் அனுமதி கேட்கும் முகம். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்ல பேசிக்குவாங்க சார்," என்றார் அப்பா.

அங்கே டாக்டர் இல்லை, இன்சூரன்ஸ்காரன் இல்லை. அங்கேயும் ஏன் அப்பா?

படகுக்குத் திரும்பும் இறக்கத்தில் மூன்று முறை உட்கார்ந்தார். இறக்கம்! ஏற்றம்கூட இல்லை.

மார்ச் 23

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். "இன்னும் மூணு வாரம்தான், டிக்கெட் இருக்கு. ஊருக்குப் போய் நல்லா காட்டலாம்," என்றான் அண்ணன். அப்பாவும் தலையாட்டினார். நானும் அடங்கிப்போனேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

குளியலறையில் விழுந்துவிட்டார். எமர்ஜென்சி. அண்ணன் பார்க்கிங்கில் இருந்தபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சுரங்கம், துளை, தூசு, இருபத்தாறு வருடம்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஸ்கேனும் சளிப் பரிசோதனையும் முடிந்ததும், நுரையீரல் முழுக்கக் கல்தூசுத் தழும்பு, அதன்மேல் காசநோய் என்றாள். முன்பே தெரிந்திருந்தால் அந்த ஸ்டீராய்டைக் கொடுத்திருக்க மாட்டார்களாம்; காசநோய் அதில்தான் வேகமாகப் பரவியிருக்கிறது.

ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

யாரும் என்றால் நான். இருபத்தேழு நாள்.

ஏப்ரல் 9

வென்டிலேட்டர். இனி பேச முடியாது.

ஏப்ரல் 15

அப்பா போய்விட்டார். காலை பத்தே முக்கால்.

ஏப்ரல் 19

அடக்கம் முடிந்தது. தமிழ்ச் சபையிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். "கிருபைராஜ் ஐயா அலுவலகத்தில் உண்மையாய் ஊழியம் செய்தவர்," என்று போதகர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அண்ணன் அழுதான். நிஜமாகவே அழுதான். அதுவும் எனக்குத் தாங்கவில்லை.

மே 6

சன்னிவேலில் ஓர் அறைக்கு மாறிவிட்டேன். மரணச் சான்றிதழின் நகலை அண்ணி அனுப்பியிருந்தாள். வாழ்நாளில் செய்த தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது இந்த ஊரில். அதில்: கிளார்க். தகவல் தந்தவர்: மகன்.

செத்த பிறகு எந்த இன்சூரன்ஸுக்குப் பயந்தான்? இல்லை, பயமே அது இல்லையா? பத்மநாபன் அங்கிளும் சபைக்காரர்களும்தானா?

மே 8

திருத்துவதற்குப் படிவம் இருக்கிறது. நிரப்பிவிட்டேன். தகவல் தந்தவன் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்கு அனுப்பினேன்.

மே 12

பார்த்துவிட்டான். பதில் இல்லை.

மே 19

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 2

இன்று மறுபடி அனுப்பினேன். என்மேல் கோபம் என்றால் இருக்கட்டும், என்னிடம் பேசவே வேண்டாம். துளை போட்டார் என்று ஒத்துக்கொள், அண்ணா. கையெழுத்துப் போடு.